பாட்டியின் தகரப் பெட்டியில் பொன்வண்டு இறகுத் துணி: பாதுகாப்பது எப்படி, புதிதாகச் செய்யலாமா?

மலைத்தூரிகை (சேலம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தாயார் பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில். பாட்டி அங்கே ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் தையல் வேலையும் துணி மடித்து வைக்கும் வேலையும் பார்த்தவர். சென்ற மாதம் அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது, பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி, ஒரு சாண் அகலமும் ஒரு முழ நீளமும் உள்ள மெல்லிய மஸ்லின் துண்டு ஒன்று கிடைத்தது. பங்களாவில் இருந்த துரைசாணி ஊருக்குப் போகும்போது கொடுத்ததாக அம்மா சொல்கிறார்.

துணியின் மேல் மங்கிய சரிகையில் ஒரு கொடி ஓடுகிறது. அந்தக் கொடியில் இலை இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பச்சை வில்லைகள் தைக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடி என்றுதான் முதலில் எண்ணினேன். சுண்டுவிரல் நகத்தை விடச் சற்று நீளமாய், குழிந்து, ஒரு முனை கூராக இருந்ததைத் தடவிப் பார்த்தபோதுதான், சிறு வயதில் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையைப் போட்டு, முட்டை இட்டிருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் திறந்து பார்த்த பொன்வண்டின் முதுகு நினைவுக்கு வந்தது. மொத்தம் 38 இறகுகள் இருக்கின்றன.

இதை இனி எப்படி வைத்திருப்பது என்பது என் முதல் கேள்வி. கோரிமேடு தாண்டி அடிவாரத்து வேல மரங்களில் மழைக்குப் பின் இப்போதும் பொன்வண்டு வருகிறது. அதன் இறகைக் கொண்டு நானே ஒரு படைப்பைச் செய்து பார்க்க ஆசை இருக்கிறது, அது முறைதானா என்பது இரண்டாவது. பூச்சியை மூலப்பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டுக் கலையில் உண்டா, இல்லை இது துரைமார் வீட்டோடு வந்து போன ஒன்றா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இழைப்பெட்டி எழுதியது:

அம்மா, வணக்கம். பழந்துணிகளைச் செப்பனிடும் தொழிலில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது பொன்வண்டு இறகு வேலைதான். இறகு என்று நாம் சொன்னாலும் அது பறக்கும் இறகு அன்று. பறக்கும் இறகின் மேல் மூடியிருக்கும் கடினமான உறை. ஸ்டெர்னோசெரா என்னும் பேரினத்து வண்டுகளின் உறைகளை நீராவியில் காட்டி இளக்கி, ஓரத்தை நறுக்கி, முனைகளில் ஊசியால் துளையிட்டு, சரிகை வேலைக்கு நடுவே வைத்துத் தைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை, ஐதராபாத் போன்ற ஊர்களில் ஐரோப்பியப் பெண்களின் உடைக்கென்று மஸ்லினில் இந்த வேலை ஏராளமாக நடந்தது. ஆகவே ஏற்காட்டுப் பங்களா ஒன்றில் அது இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் துரைமாரோடு வந்தது என்று சொல்லிவிட முடியாது. முகலாயர் காலத்திலேயே துணியில் இது உண்டு. இமயமலை அடிவாரத்துப் பசோலியில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைந்த சிற்றோவியங்களில், நாயகியின் அணிகலன்களில் மரகதம் வர வேண்டிய இடத்தில் இந்த உறையின் துணுக்கை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சப்பானில் நாரா நகருக்கு அருகே ஹோரியூஜி கோயிலில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு மரப் பேழையில், துளை வேலை செய்த உலோகத் தகட்டுக்கு அடியில் இதே குடும்பத்து வண்டின் உறைகளைப் பரப்பி வைத்தார்கள். மேற்கே பலரும் அறிந்தது, 1888-இல் இலண்டன் லைசியம் அரங்கில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மேக்பெத் சீமாட்டியாக நடித்த நடிகை எலன் டெர்ரி அணிந்த பச்சை உடை. அதில் ஏறக்குறைய 1,000 உறைகள் இருந்தன. மறு ஆண்டே ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அந்த உடையில் அவரை ஓவியமாகத் தீட்டினார். எரிவாயு விளக்கொளியில் அசைய அசைய மின்னியதுதான் அந்த உடைக்குப் பெயர் வாங்கித் தந்தது.

மின்னுவதற்குக் காரணம் சாயம் அன்று. உறையின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன; ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது பச்சை மட்டும் வலுத்து வெளிவருகிறது. வெயிலில் வெளுக்க அங்கே சாயம் இல்லாததால் உங்கள் துணியில் சரிகை கறுத்தும் இறகின் பச்சை வெளுக்காமல் நிற்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். சன்னலோரம் துணியை மெல்லச் சாய்த்தால் பச்சை நீலத்தை நோக்கியோ செம்பொன்னை நோக்கியோ நகர வேண்டும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிறம் மாறாமல் நின்றால் அது பிற்காலத்தில் யாரோ வைத்த மாற்றுப் பொருள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, துவைக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, மடிக்கவே கூடாது. அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால் கஞ்சி போடாத, நன்றாக அலசிய பழைய வெள்ளைத் துணியில் இறகு வெளிப்புறமாக வரும்படி தளர்வாக உருட்டி வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி வரும். விரிசல் பெரும்பாலும் ஊசித் துளையிலிருந்துதான் தொடங்கும். துளை கிழிந்த இறகை இழுத்துக் கட்டாமல், மேலே மெல்லிய வலைத்துணியைப் போர்த்தித் தைப்பதே நல்லது. நான் பல ஆண்டு சேர்த்த உலர்ந்த வண்டுகளை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டேன். திறந்தபோது தோல்வண்டின் புழுக்கள் உடலை முழுக்கத் தின்று பொடியாக்கியிருந்தன; மேலுறைகள் மட்டும் அப்படியே பச்சையாகக் கிடந்தன. ஏன் அந்தப் பகுதியைக் கைவினைஞர்கள் தேர்ந்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

குகைவாசி (சேலம்) எழுதியது:

எல்லோரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். 2002-இல் பெல்சியத்து அரண்மனைக் கூரை ஒன்றில் யான் பாப்ரே என்ற கலைஞர் 14 இலட்சம் வண்டு உறைகளை ஒட்டினார். 2012-இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் டேமியன் ஹர்ஸ்ட் என்ற கலைஞர் சன்னலில்லாத அறையில் பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிட்டு, கண்காட்சி முடிவதற்குள் 9,000-க்கு மேல் மடிந்தன. எறும்பும் தின்னட்டும் என்று பச்சரிசி மாவில் கோலமிட்ட வாசலிலிருந்து வந்தவர்கள் நாம். நினைவுப் பொருளைப் பாதுகாப்பது சரி. புதிதாகச் செய்ய நினைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அம்மாபேட்டைத்தறி எழுதியது:

குகைவாசி ஐயா, கோபம் வேண்டாம். நான் வெண்பட்டு நெய்யும் வீட்டைச் சேர்ந்தவன். சேலம் வெண்பட்டு வேட்டி கட்டாமல் நம் ஊரில் எத்தனை முகூர்த்தம் நடந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க 6 முதல் 7 கிலோ பட்டுக்கூடு வேண்டும். ஒரு கிலோவில் 500, 600 கூடுகள் நிற்கும். ஆக ஒரு கிலோ நூலுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் போகின்றன. அந்துப்பூச்சியாக வெளியே வரவிட்டால் கூடு துளைபட்டு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஓடும் ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும். நான் இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குற்றவுணர்வோடும் சொல்லவில்லை. வேட்டியில் பூச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை, அந்த மஸ்லினில் தெரிகிறது. உங்கள் மறுப்பு உயிரைப் பற்றியதா, கண்ணில் படுவதைப் பற்றியதா என்று மட்டும் கேட்கிறேன்.

மெழுகுவிரல் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டுக் கலையில் பூச்சி மூலப்பொருளாக உண்டா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் நேராக விடை சொல்லவில்லை. நான் சுவாமிமலையில் வேலை கற்றுக்கொண்டு, இப்போது சேலத்தில் சிறிய வார்ப்புப் பட்டறை நடத்துகிறேன். என் பட்டறையில் நுழைந்தவுடன் மூக்கில் ஏறுவது செம்பின் நெடி அன்று, தேன்மெழுகின் மணம்.

சோழர் காலத்து நடராசரோ சோமாஸ்கந்தரோ, எந்தச் செப்புத் திருமேனியும் முதலில் மெழுகாகத்தான் பிறந்தது. வடமொழியில் இந்த முறைக்கு மதுச்சிஷ்ட விதானம் என்று பெயர். மதுச்சிஷ்டம் என்றால் தேனை எடுத்தபின் எஞ்சியது. பெயரிலேயே தேனீ இருக்கிறது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கி, கடலை எண்ணெய் சிறிது விட்டு, துணியில் வடிகட்டித் தண்ணீரில் ஊற்றுவோம். மார்கழியில் மெழுகு விறைத்துக்கொள்ளும், வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுக்க வேண்டும். சித்திரையில் கையிலேயே துவளும், குளிர்ந்த நீர்ச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். குங்கிலியம் கூடினால் உடையும், மெழுகு கூடினால் விரல் ரேகை பதிந்துவிடும். சூட்டுக்கோலின் நுனியால் திருமேனியின் இமையைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது எனக்கு இன்றைக்கும் வழக்கம்.

உருவம் முடிந்ததும் அரைத்த வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துவோம். அந்த முதற்பூச்சுத்தான் மெழுகில் உள்ள அத்தனை நுணுக்கத்தையும் வாங்கிக்கொள்வது. அதன்மேல் தடித்த மண், அதன்மேல் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு வழிந்து வெளியேறும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறோம். மண்ணை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டியிருப்பதால் ஒரு மெழுகுக்கு ஒரே திருமேனி. கோயிலில் நாம் கும்பிடும் உலோகம், தேனீ கட்டிய பொருள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பிய உலோகம். என் ஆசான் இப்படியெல்லாம் பேசியதில்லை. அவர் மெழுகு விலையைப் பற்றித்தான் பேசுவார். பட்டறையில் தனியாக இருக்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குப் போனால், பொள்ளலான நகையின் உள்ளே நிரப்பவும் கல்லை அசையாமல் இருத்தவும் அரக்கு உருகிக்கொண்டிருக்கும். அது மரக்கிளையில் அப்பிக்கொண்டு சாறுண்ணும் சிறு பூச்சி தன்மேல் கட்டிக்கொள்ளும் கூடு. நாட்டு மருந்துக் கடையில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வாங்கும் மாசிக்காய், பெயரில்தான் காய். ஒருவகைக் குளவி முட்டையிட்டதால் கருவாலி மரம் வீங்கிச் செய்த உருண்டை அது. அதை அன்னபேதி என்னும் இரும்பு உப்போடு சேர்த்துத்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மை காய்ச்சினார்கள். ஆக வழக்கம் உண்டு அம்மா, நிரம்ப உண்டு. நம்மிடம் பூச்சி உருகியும் கரைந்தும் வேறொன்றாகியும் நிற்கிறது. உங்கள் துணியில் தன் உருவத்தோடு நிற்கிறது.

மலைத்தூரிகை எழுதியது:

மெழுகுவிரல் ஐயா, தேன்மெழுகைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பூச்சியோடு சேர்த்து ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. குகைவாசி ஐயாவின் மறுப்பும் மனத்தில் நிற்கிறது. நான் செய்ய நினைத்ததில் பொன்வண்டு வெறும் பளபளப்பாக நின்றுவிடக் கூடாது, ஏதோ ஒன்றைக் குறித்து நிற்க வேண்டும் என்று விரும்பினேன். பூச்சி எதையெல்லாம் குறித்திருக்கிறது என்பதையும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

சேர்வராயன்அடி (ஏற்காடு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். பூச்சி பார்ப்பது என் பைத்தியம்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். குரு சீடனைத் தன் வடிவாக்குவதற்கும், இறைவன் உயிரைத் தானாக்குவதற்கும் சமய நூல்கள் மறுபடி மறுபடி கையாண்ட உவமை அது. எங்கள் அலுவலகச் சுவரில் குளவி கட்டிய மண்கூடு ஒன்றை, அது மூடிவிட்டுப் போன மூன்றாம் நாள் பேனாக்கத்தியால் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள் ஏழு, சாகாமல், நகராமல் அடுக்கியிருந்தன. நடுவே வெள்ளையாக ஒரு சிறு புழு, ஒன்றின் பக்கவாட்டில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. கொட்டுவது மயக்குவதற்கு, அடைப்பது குஞ்சுக்கு உணவு. எந்தப் புழுவும் குளவியாகவில்லை. குளவியின் முட்டையிலிருந்து வந்ததே குளவியாயிற்று. உவமை தவறு என்று சொல்ல வரவில்லை. கூட்டுக்குள் புழு போனது, குளவி வந்தது, இடையில் நடந்தது சுவருக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சுவரின் மேல்தான் உவமை எழுந்தது.

எகிப்தியருக்கும் இதுவே நேர்ந்தது. சாண உருண்டையை வண்டு உருட்டிப் புதைக்க, சில நாளில் மண்ணிலிருந்து இளவண்டு எழுந்து வருவதைக் கண்டவர்கள் அது தானே தன்னைப் பிறப்பித்துக்கொள்வதாக எண்ணி, காலைச் சூரியனான கெப்ரி தெய்வத்துக்கு வண்டின் முகத்தைக் கொடுத்தார்கள். கல்லில் செதுக்கிய வண்டுகளை இறந்தவரின் நெஞ்சின்மேல் வைத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்களோ ஈயை எடுத்துக்கொண்டார்கள். பெட்ரஸ் கிறிஸ்டஸ் 1446-இல் வரைந்த துறவி ஒருவரின் உருவப்படத்தில், சட்டத்தின் கீழ்விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். விரட்டக் கை நீளும் என்பார்கள். அழுகலின் அடையாளம் என்று சிலரும், ஓவியன் தன் கைத்திறத்தைக் காட்டிக்கொண்டது என்று சிலரும் பொருள் சொல்வதுண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நம்மிடம் விட்டில் ஆசைக்கும், மின்மினி அற்ப ஒளிக்கும் நின்றுவிட்டன. பொன்வண்டுக்கு மட்டும் பழைய பொருள் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. அது தீப்பெட்டிக்குள் இருந்த பிள்ளைப் பருவத்தைத்தான் நமக்குக் குறிக்கிறது. உங்களுக்கு அது வசதி என்றே நினைக்கிறேன்.

சாயத்துக்காகப் பூச்சியைக் கொண்டுவந்து நடந்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார், மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியை நசுக்கி எடுக்கும் செஞ்சாயத்துக்கு ஆசைப்பட்டார்கள். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்தது வேறு இனம். சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்பதில் சூரன். ஓவியனின் சிவப்புக்காக வந்த பூச்சி, கள்ளிக் காட்டை ஒழிக்கும் பூச்சியாகப் பேர் பெற்றது. பிறகு 1926-இல் அதன் உறவினம் ஒன்றை வேண்டுமென்றே கள்ளியை அழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கள்ளித்தண்டில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக இருப்பதைக் கண்டால் விரலால் நசுக்கிப் பாருங்கள், விரல் சிவக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "வண்டு தானாக உதிர்க்கும் இறகு" என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். உயிருள்ள வண்டு மேலுறையை உதிர்ப்பதில்லை. ஆனால் வெளியே வந்த வண்டு சில வாரங்களே வாழும். மழைக்காலம் முடியும்போது வேல மரத்தடியில் தேடினால், எறும்பு உள்ளே காலி செய்துவிட்ட வண்டுகள் கிடைக்கும், உறை கெட்டிருக்காது. நம் பக்கத்தில் இரு வகை உண்டு. ஒன்றுக்குக் கழுத்து பச்சை, மேலுறை செம்பழுப்பு. மற்றதற்கு முழுதும் பச்சை. உங்கள் துணிக்குப் பொருந்துவது இரண்டாவது. சொந்தப் பட்டா நிலத்து மரத்தடியில் மட்டும் பொறுக்குங்கள். காப்புக்காட்டிலிருந்து எதையும் அனுமதியின்றி எடுத்து வருவது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பட்டாம்பூச்சிகள் பலவும் இருப்பதால் அவற்றை இறந்தே கிடந்தாலும் தொடாதீர்கள். கிடைத்ததைச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத பையில் இட்டு, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்த பிறகே மற்றத் துணிகளோடு சேருங்கள்.

மலைத்தூரிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் இழைப்பெட்டி ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். நான் துணியை ஒரு அட்டைமேல் வைத்து மெல்லச் சாய்க்க, அம்மா எண்ணிக்கொண்டே வந்தார். 34 இறகுகள் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்த் திரும்பின. கொடியின் கீழ்முனையில் அடுத்தடுத்து இருந்த நான்கு மட்டும் எப்படித் திருப்பினாலும் ஒரே பச்சையாக இருந்தன.

உருப்பெருக்கியில் பார்த்தபோது அவை இறகே அல்ல என்று தெரிந்தது. மிட்டாய் சுற்றி வரும் பச்சை ஜிகினாத் தாள். அதைக் கஞ்சி போட்டு விறைக்கவைத்த துணியின்மேல் ஒட்டி, மற்ற இறகுகளைப் போலவே ஒரு முனை கூராக நறுக்கி, குழிவு வரும்படி நகத்தால் அழுத்தி வளைத்திருக்கிறார்கள். நகம் பட்ட பிறைக்கோடு ஒன்றில் தெளிவாக இருக்கிறது. மற்றவை மெல்லிய பட்டு நூலில் தைத்திருக்க, இவை நான்கும் சாதாரணத் தையல் நூலில் இருக்கின்றன. துணியைப் புரட்டி முடிச்சைப் பார்த்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. இரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்போது நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுவது பாட்டியின் வழக்கமாம். நான்கிலும் மூன்று சுற்றுகள் இருக்கின்றன.

இழைப்பெட்டி ஐயா, அந்த நான்கில் உள்ள கஞ்சிக்கு வெள்ளிமீன் பூச்சி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அவற்றைப் பிரிக்க எனக்கு விருப்பமில்லை. அடிவாரத்துக்குப் போவதைப் பற்றி மழை முடிந்தபின் யோசிக்கிறேன். முதலில் ஜிகினாத் தாளில் ஒரு இறகு நறுக்கிப் பார்க்க வேண்டும்.